முகத்தை அளக்கலாம், மனத்தை அளக்க முடியுமா?

பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் கைப்பேசியை எடுத்து முகத்துக்கு நேரே பிடிக்கிறீர்கள். தலைமுடி கலைந்திருக்கிறது, கண்ணில் இன்னும் தூக்கம் போகவில்லை. ஆனாலும் அடுத்த நொடியே கைப்பேசி திறந்துகொள்கிறது. அதே கைப்பேசியை உங்கள் நண்பர் எடுத்துத் தம் முகத்தைக் காட்டினால் அது திறக்க மறுக்கிறது.

இந்தத் தொழில்நுட்பம் கைப்பேசியோடு நின்றுவிடவில்லை. சிங்கப்பூரில் 2020 முதல் சிங்பாஸ் வழியாக அரசாங்கச் சேவைகளுக்குள் நுழைய முகச் சரிபார்ப்பைப் பயன்படுத்தலாம். 2024இல் சாங்கி விமான நிலையத்தின் நான்கு முனையங்களிலும், சிங்கப்பூர்வாசிகள் கடப்பிதழை எடுத்துக் காட்டாமலேயே முகத்தையும் கருவிழியையும் கொண்டு குடிநுழைவுச் சோதனையைக் கடக்கும் வசதி வந்தது.

நம் பாட்டிமாருக்கும் இந்தத் திறமை உண்டு. திருமண வீட்டில், பத்து ஆண்டுகளுக்கு முன் பார்த்த பிள்ளையை நிறுத்தி, “நீ எங்கள் பழைய பக்கத்து வீட்டுப் பிள்ளைதானே?” என்று கேட்பார்கள். இயந்திரமும் இப்படித்தான் நம்மை அடையாளம் காண்கிறதா?

இல்லை, மாணவர்களே. இயந்திரத்துக்கு நம்மைத் தெரியாது. அது அளக்கிறது, ஒப்பிடுகிறது, ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு மனிதர்கள் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். “இது யாருடைய முகம்?” என்பது ஒன்று. “இந்த முகத்துக்குப் பின்னால் என்ன உணர்வு இருக்கிறது?” என்பது மற்றொன்று. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். ஆனால், முதல் கேள்விக்குக் கிடைக்கும் விடையை நம்பும் அளவுக்கு இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் விடையை நம்ப முடியாது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

முதலில், முகம் எங்கே இருக்கிறது?

கணினிக்குப் படம் என்பது எண்கள் நிறைந்த ஒரு பெரிய கட்டம். ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு வெளிச்சம் என்பதைக் காட்டும் ஓர் எண். இந்த எண்களுக்கு நடுவே முகம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

2001இல் பால் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு ஓர் எளிய வழி சொன்னார்கள். கண்ணாடி முன் நின்று பாருங்கள். கண்கள் இருக்கும் பட்டை, அதற்குக் கீழே இருக்கும் கன்னங்களைவிடக் கறுத்துத் தெரியும். மூக்குத் தண்டு, இரு பக்கமும் உள்ள கண்களைவிட வெளுத்துத் தெரியும். இப்படிப்பட்ட வெளிச்ச வேறுபாடுகளைக் கணினி சிறு சிறு செவ்வகங்களாகப் பிரித்துச் சோதிக்கும். முதல் சோதனையிலேயே தோற்கும் பகுதியை உடனே ஒதுக்கிவிடும். சுவரையும் வானத்தையும் பார்த்து நேரத்தை வீணாக்காது. அக்காலத்துச் சாதாரணக் கணினியிலேயே நொடிக்கு 15 படங்களை இம்முறையால் சோதிக்க முடிந்தது. கேமராவில் முகத்தைச் சுற்றி ஒரு சதுரம் தோன்றுகிறதே, அது பரவலானதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

இந்தக் கட்டத்தில் கணினிக்குத் தெரிந்தது, “இங்கே ஒரு முகம் இருக்கிறது” என்பது மட்டுமே. யாருடைய முகம் என்பது இன்னும் தெரியாது.

அளவுகோலில் தொடங்கிய ஆராய்ச்சி

“யார்?” என்ற கேள்வியைக் கணினியிடம் முதன்முதலில் கேட்டவர்களில் ஒருவர் உட்ரோ பிளெட்சோ. அமெரிக்கக் கணித அறிஞரான இவர், 1960களின் நடுப்பகுதியில் தம் குழுவினருடன் இந்த ஆராய்ச்சியில் இறங்கினார். அன்றைய கணினியால் தானாகக் கண்ணையோ மூக்கையோ தேட முடியாது. ஆகவே, ஒரு மனிதர் உட்கார்ந்து ஒவ்வொரு புகைப்படத்திலும் கண்பாவையின் மையம், கண்ணின் ஓரங்கள், வாயின் ஓரங்கள் போன்ற புள்ளிகளைக் கையால் குறிப்பார். அந்தப் புள்ளிகளிலிருந்து 20 தூரங்களைக் கணினி கணக்கிடும். ஒருவரால் ஒரு மணி நேரத்தில் சுமார் 40 படங்களை முடிக்க முடிந்தது.

பிளெட்சோவின் குழு ஒரு பெரிய சிக்கலைச் சந்தித்தது. அதை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு நண்பரிடம் அனுமதி கேட்டு இரண்டு படங்கள் எடுங்கள்: நேராகப் பார்த்து ஒன்று, தலையைப் பக்கவாட்டில் சற்றுத் திருப்பி இன்னொன்று. இரு கண்களின் வெளி ஓரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளவுகோலால் அளங்கள். மூக்கு நுனியிலிருந்து தாடை வரை உள்ள தூரத்தையும் அளங்கள். முதல் அளவை இரண்டாவதால் வகுத்துக்கொள்ளுங்கள். பிறகு, நேராகப் பார்க்கும் வேறொரு நண்பரின் படத்திலும் இதைச் செய்யுங்கள்.

ஒரே நண்பரின் இரண்டு படங்களுக்கு இடையே கிடைக்கும் வேறுபாடு, இரண்டு வெவ்வேறு நண்பர்களுக்கு இடையே கிடைக்கும் வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்! தலை திரும்பும் கோணம், வெளிச்சம், சிரிப்பு, வயது ஆகிய எல்லாமே அளவுகளை மாற்றிவிடும். இந்த ஆராய்ச்சியின் அடுத்த 50 ஆண்டுகள் பெரும்பாலும் இந்தச் சிக்கலோடு நடந்த போராட்டம்தான்.

1973இல் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் தகேயோ கனாடே தம் முனைவர் பட்ட ஆய்வில், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் புள்ளிகளைக் கணினியே தேடிக்கொள்ளும் வழியைக் காட்டினார். 1991இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கழகத்தைச் சேர்ந்த மேத்யூ டர்க், அலெக்ஸ் பென்ட்லண்ட் இருவரும் வேறொரு பாதையில் சென்றார்கள். நம் வீட்டுச் சமையலறையில் மிளகாய், மல்லி, சீரகம், மஞ்சள் எனச் சில பொருள்கள்தான் இருக்கின்றன. அவற்றைக் கலக்கும் அளவை மாற்றினால் வெவ்வேறு குழம்பு கிடைக்கிறது. அதுபோலவே, சில “அடிப்படை முகங்களை” வெவ்வேறு அளவில் கலந்தால் எந்த முகத்தையும் ஓரளவு உருவாக்கிவிடலாம் என்றார்கள். அந்தக் கலவை அளவுகளே ஒரு முகத்துக்குரிய எண்கள்.

முகம் ஒரு புள்ளியாகிறது

2010களில் ஆழ்கற்றல் என்னும் முறை வந்தது. எதை அளக்க வேண்டும் என்று மனிதர் சொல்லித் தருவதை இம்முறை கைவிட்டது. கூகல் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஃபேஸ்நெட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதற்குப் பயிற்சி தரும்போது ஒவ்வொரு முறையும் மூன்று படங்கள் காட்டப்பட்டன: ஒருவரின் படம், அவருடைய இன்னொரு படம், வேறொருவரின் படம். முதல் இரண்டும் அருகருகே வர வேண்டும், மூன்றாவது விலகிப் போக வேண்டும் என்பதே பாடம். சுமார் 8 மில்லியன் பேரின் படங்களைக் கொண்டு இந்தப் பயிற்சி திரும்பத் திரும்ப நடந்தது.

முடிவில் ஒவ்வொரு முகமும் 128 எண்களின் வரிசையாக மாறுகிறது. இரண்டு முகங்கள் எவ்வளவு நெருக்கம் என்று கண்டுபிடிக்க, நீங்கள் வகுப்பில் படித்த பைதகரஸ் தேற்றமே போதும். ஒரு முகத்துக்கு இரண்டே எண்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று (3, 7), மற்றொன்று (6, 11). வேறுபாடுகள் 3, 4. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 25, வர்க்கமூலம் 5. இரு முகங்களுக்கும் இடையே உள்ள தூரம் 5. 128 எண்கள் இருந்தாலும் இதே கணக்குத்தான். தாளில் வரைய முடியாது, அவ்வளவே.

அக்காலத்தில் பலரும் பயன்படுத்திய ஒரு சோதனையில் இரண்டு படங்களைக் காட்டி, ஒரே ஆளா, வேறு வேறு ஆளா என்று கேட்பார்கள். அதில் மனிதர்கள் பெற்றது சுமார் 97.5 விழுக்காடு. 2014இல் ஃபேஸ்புக்கின் டீப்ஃபேஸ் 97.35 விழுக்காட்டை எட்டியது. மறு ஆண்டே ஃபேஸ்நெட் 99.63 விழுக்காட்டைத் தொட்டது.

அப்படியானால் சிக்கல் தீர்ந்துவிட்டதா? இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

ஒருவரா, ஒரு மில்லியன் பேரா?

இரண்டு முகங்களுக்கு இடையே உள்ள தூரம் எவ்வளவு இருந்தால் “ஒரே ஆள்” என்று சொல்லலாம்? அந்த வரம்பை மனிதர்கள்தான் வைக்கிறார்கள். வரம்பை இறுக்கினால், சில வேளைகளில் உங்கள் கைப்பேசியே உங்களை உள்ளே விடாது. தளர்த்தினால், உங்கள் அக்காவையும் உள்ளே விட்டுவிடும். இரண்டு தவறுகளையும் ஒருசேர ஒழிக்கும் வரம்பு கிடையாது.

அடுத்து, கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்பதும் முக்கியம். கைப்பேசியும் சிங்பாஸும் கேட்பது, “இந்த முகம், பதிவில் உள்ள இந்த ஒருவரின் முகம்தானா?” என்பது. இங்கே ஒரே ஓர் ஒப்பீடுதான் நடக்கிறது. ஆனால், ஒரு கண்காணிப்புக் கேமராவில் பதிவான முகத்தைக் காவல்துறையினர் தரவுத்தளத்தில் தேடும்போது கேட்பது, “இவர்களில் யார் இது?” என்பது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மென்பொருள், வெவ்வேறு ஆட்களின் படங்களை 10,000 முறை ஒப்பிட்டால் ஒருமுறைதான் தவறாக “ஒரே ஆள்” என்று சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசிக்கு இது நல்ல கணக்கு. உங்கள் கைப்பேசியைக் கண்டெடுக்கும் ஒருவரால் அதைத் திறக்க முடிவது 10,000இல் ஒரு வாய்ப்புத்தான். அதே மென்பொருளிடம் ஒரு மில்லியன் படங்கள் கொண்ட தரவுத்தளத்தைத் தந்து தேடச் சொன்னால்? 1,000,000 ÷ 10,000 = 100. குற்றத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத நூறு பேரை அது சுட்டிக்காட்டும் என எதிர்பார்க்கலாம். உண்மையான குற்றவாளியின் படம் அந்தத் தரவுத்தளத்தில் இல்லாமலே போகலாம். அப்போதும் “மிகவும் நெருக்கமான முகம்” என்று யாராவது ஒருவர் பட்டியலின் உச்சியில் இருப்பார்.

வீட்டு வாசலில் நடந்த கைது

இது வெறும் கணக்கு இல்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2018இல் ஒரு கடையில் கைக்கடிகாரங்கள் திருடுபோயின. கேமராவில் பதிவான தெளிவற்ற படத்தைக் கணினியில் கொடுத்துத் தேடினார்கள். ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கரின் பழைய ஓட்டுநர் உரிமப் படம் பொருந்தும் மாதிரிகளில் ஒன்றாக வந்தது. பிறகு, கடையின் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவரிடம் ஆறு படங்களைக் காட்டினார்கள். அவர் திருட்டை நேரில் பார்த்தவர் அல்லர், காணொளியைத்தான் பார்த்திருந்தார். அவரும் அதே படத்தைக் காட்டினார்.

2020 ஜனவரியில், மனைவியும் இரண்டு சிறு மகள்களும் பார்த்துக்கொண்டிருக்க, வீட்டு வாசலில் அவருக்குக் கைவிலங்கு மாட்டப்பட்டது. சுமார் 30 மணி நேரம் காவலில் இருந்தார். விசாரணையில் கேமராப் படத்தை அவரிடம் காட்டியபோது, அதைத் தம் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டி, அது தாம் இல்லை என்றார். பார்த்தவர்களுக்கே அது தெரிந்தது. பின்னர் வழக்குக் கைவிடப்பட்டது. 2024இல் ஏற்பட்ட சமரசத்தின்படி, முகத் தேடலின் முடிவை மட்டும் வைத்து யாரையும் கைது செய்யக்கூடாது என்பது அந்நகரக் காவல்துறையின் விதியானது.

இந்தச் சம்பவத்தில் இயந்திரம் சொன்னது “இந்த முகம் அதைப் போல இருக்கிறது” என்பதே. “போல” என்பதை “அவர்தான்” என்று மாற்றியவர்கள் மனிதர்கள்.

எல்லா முகத்துக்கும் ஒரே நியாயமா?

இயந்திரம் எந்த முகங்களைப் பார்த்துப் படித்ததோ அந்த முகங்களில்தான் அது கெட்டி. 2018இல் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகிய இரு ஆய்வாளர்கள், படத்தில் இருப்பவர் ஆணா, பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சத் தவறு 0.8 விழுக்காடு. கருநிறப் பெண்களிடமோ அது 34.7 விழுக்காடு வரை சென்றது.

2019இல் அமெரிக்கத் தரநிர்ணயக் கழகம் 189 முக அடையாள மென்பொருள்களைச் சோதித்தது. அவற்றில் பல, ஆசியர், ஆப்பிரிக்க அமெரிக்கர் முகங்களை இன்னொருவர் முகம் என்று தவறாகப் பொருத்துவது, வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. ஆனால், ஆசியாவில் உருவான சில மென்பொருள்களில் ஆசியருக்கும் வெள்ளையருக்கும் இடையே அவ்வளவு பெரிய வேறுபாடு இல்லை. பயிற்சிக்குத் தரப்படும் படங்களில் எல்லா இனத்தவரும் இருந்தால் இந்தக் குறையைக் குறைக்கலாம் என்பதற்கு இது நல்ல அறிகுறி. அதன் பிறகு வந்த மென்பொருள்களில் முன்னேற்றமும் தெரிகிறது.

இவ்வளவு குறைகள் இருந்தாலும் முதல் கேள்விக்குச் சரியான விடை என்று ஒன்று உண்டு. படத்தில் இருப்பவர் நீங்களா, இல்லையா என்பதைச் சரிபார்த்துவிடலாம், தவறைத் திருத்தலாம். இரண்டாவது கேள்வியின் நிலை வேறு.

புன்னகையின் தசைகள்

“அகத்தின் அழகு முகத்தில் தெரியும்” என்பது பழமொழி. அதை அறிவியலாக்க முயன்றவர்களில் ஒருவர் பிரெஞ்சு மருத்துவர் துஷேன். முகத்தசைகளை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்து, 1862இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். உதட்டின் ஓரத்தை நாம் நினைத்தபோது மேலே இழுத்துவிடலாம். ஆனால், மகிழ்ச்சியில் பிறக்கும் சிரிப்பில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்குகிறது என்றார் அவர்.

1978இல் அமெரிக்க உளவியலாளர்கள் பால் எக்மன், வாலஸ் ஃபிரீசன் இருவரும் முக அசைவுகளுக்கு எண் கொடுத்து ஒரு குறியீட்டு முறையை உருவாக்கினார்கள். 12ஆம் எண் என்றால் உதட்டு ஓரம் மேலே போகிறது. 6ஆம் எண் என்றால் கன்னம் உயர்கிறது. இரண்டும் சேர்ந்தால் துஷேன் சொன்ன சிரிப்பு. இத்தகைய அசைவுகளை இன்றைய மென்பொருளால் நன்றாகவே அளக்க முடிகிறது. ஓட்டுநரின் இமை எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்று அளந்து, தூங்கிவிடாதபடி எச்சரிக்கும் கார்கள் உள்ளன. அங்கே அளப்பது இமையை. சொல்வதும் இமையைப் பற்றியே. அது பயனுள்ள வேலை.

சிக்கல், அசைவிலிருந்து உணர்வுக்குத் தாவும்போது வருகிறது. 2013இல் வெளியான, ஆய்வாளர்கள் பலர் பயன்படுத்தும் ஒரு தரவுத்தொகுப்பில் 35,887 முகப்படங்கள் உள்ளன. இணையத்தில் தேடி எடுத்த அந்தப் படங்கள் கோபம், அருவருப்பு, பயம், மகிழ்ச்சி, சோகம், வியப்பு, இயல்பு என்று ஏழு பெட்டிகளில் பிரிக்கப்பட்டுள்ளன. படத்தில் இருந்தவரைத் தேடிப் பிடித்து, “அப்போது நீங்கள் கோபமாகவா இருந்தீர்கள்?” என்று யாரும் கேட்கவில்லை. ஆகவே, இயந்திரம் கற்றுக்கொள்வது, பார்ப்பவர் அந்த முகத்துக்கு என்ன பெயர் வைப்பார் என்பதைத்தான். அந்த முகத்துக்குரியவர் என்ன உணர்ந்தார் என்பது அதன் பாடத்திலேயே இல்லை.

2019இல் உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பேரட் உள்ளிட்ட ஐந்து அறிவியலாளர்கள், 1,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் படித்து முடிவை வெளியிட்டார்கள். கோபத்தில் இருப்பவர்கள் முகத்தைச் சுளிப்பது சராசரியாக ஏறத்தாழ 30 விழுக்காட்டு நேரங்களில்தான். மற்ற நேரங்களில் அவர்கள் அமைதியாக இருக்கலாம், அழலாம், சிரிக்கவும் செய்யலாம். மறுபக்கம், முகம் சுளிப்பவர்கள் எல்லாரும் கோபக்காரர்கள் அல்லர்.

உங்கள் வகுப்பறையையே பாருங்கள். கடினமான கணக்கைப் போடும் மாணவியின் புருவம் நெறிந்திருக்கிறது. அவர் கோபமாக இல்லை, யோசிக்கிறார். ஆசிரியர் கண்டிக்கும்போது ஒரு மாணவர் லேசாகச் சிரிக்கிறார். அவருக்கு அதில் மகிழ்ச்சி இல்லை, கூச்சமும் பயமும்தான். பெற்றோர் வீட்டை விட்டுப் புறப்படும் மணப்பெண் அழுகிறார். அந்த அழுகைக்கு எந்தப் பெட்டி?

இத்தகைய காரணங்களால்தான் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2022இல், முகத்தைப் பார்த்து உணர்வைச் சொல்லும் வசதியைத் தன் பொதுச் சேவையிலிருந்து விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பள்ளியிலும் வேலையிடத்திலும் உணர்வறியும் கருவிகளை 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்துள்ளது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு உண்டு. ஒரு மாணவர் பாடத்தில் கவனமாக இருக்கிறாரா, வேலைக்கு வந்தவர் உண்மையானவரா என்று புருவத்தைப் பார்த்து முடிவுசெய்தால், தவறாகக் கணிக்கப்பட்டவரால் தம் பக்கத்தை நிரூபிக்க முடியாது. முகத்துக்குச் சான்றாகக் கடப்பிதழைக் காட்டலாம். மனத்துக்கு எதைக் காட்டுவது?

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

உங்கள் தலைமுறை கேமராக்களுக்கு நடுவே வளர்கிறது. உங்களில் சிலர் நாளை இத்தகைய மென்பொருளை எழுதவும் கூடும். ஒரு முகக் கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டால் நான்கு கேள்விகள் கேளுங்கள். அது ஒரு முகத்தோடு ஒப்பிடுகிறதா, மில்லியன் முகங்களோடு ஒப்பிடுகிறதா? வரம்பை வைத்தவர் யார்? எங்களைப் போன்ற முகங்களைப் பார்த்து அது படித்ததா? அது அளப்பது எதை, அளந்ததாகச் சொல்வது எதை?

திருமண வீட்டுப் பாட்டியை மறந்துவிடாதீர்கள். அவருக்கும் சில நேரம் ஆள் மாறிப்போகும். ஆனால், அவர் “தானே?” என்று கேட்டுவிட்டு நம் பதிலுக்காகக் காத்திருப்பார். இயந்திரம் தரும் விடையில் அந்தக் கேள்விக்குறி இருப்பதில்லை. அதைச் சேர்க்க வேண்டியவர்கள் நாம்தான்.